தாக்குதலை அறிவித்த பிறகு எதிர் அட்டையை எதுவரை திறக்கலாம்? யு-கி-ஓ ஆட்டத்தில் மூன்று தகராறுகள்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் வெயில் தாழ்ந்த பிறகு ஆறு பேர் கூடி யு-கி-ஓ அட்டை ஆட்டம் ஆடிவருகிறோம். ஆறு பேரில் நான் மூத்தவன். மற்றவர்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிறவர்கள், அவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். நான் அட்டைகளைக் கையில் வைத்தே ஆடக் கற்றவன். அவன் கைப்பேசியில் டூயல் லிங்க்ஸ் ஆடிப் பழகிவிட்டுத் திண்ணைக்கு வந்தவன். எதிராளி தாக்கும்போது கவிழ்த்து வைத்திருக்கும் அட்டையை எந்த நொடிவரை திறக்கலாம் என்பதில் எங்கள் இருவருக்கும் சென்ற வாரம் மூன்று முறை தகராறு வந்து, மூன்றாவதோடு ஆட்டமே நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்கு முன்னால் தவறான விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் தகராறு. என் முறை. என்னிடம் ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகன், தாக்குவலிமை 3000. அவனிடம் தாக்கும் நிலையில் டார்க் மஜிஷியன், 2500; அதற்குப் பின்னால் கவிழ்த்த அட்டைகள் இரண்டு. "ப்ளூ-ஐஸ் டார்க் மஜிஷியனைத் தாக்குகிறது, உனக்கு 500 குறைகிறது" என்று நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தாளில் அவனுடைய லைஃப் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) 8000-ஐ அடித்து 7500 என்று எழுதியும் விட்டேன். அதன் பிறகுதான் அவன், "மாமா, நில்லுங்க, மிரர் ஃபோர்ஸ்" என்று அட்டையைத் திருப்பினான். தாக்குகிறவர் பக்கம் தாக்கும் நிலையிலுள்ள மான்ஸ்டர்களை, அதாவது போரிடும் அட்டைகளை, எல்லாம் அழிப்பது அது. கணக்கே எழுதிய பிறகு எதிர்த்தாக்குதலுக்கு ஏது இடம் என்பது என் வாதம். நீங்கள் இடமே கொடுக்கவில்லையே என்பது அவன் வாதம்.

இரண்டாவது. சரி, போகட்டும் என்று மிரர் ஃபோர்ஸை ஒப்புக்கொண்டு, அதற்கு எதிராக என் கையிலிருந்து மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூனைப் போட்டு அந்த மிரர் ஃபோர்ஸையே அழித்தேன். அட்டையே களத்தில் இல்லாதபோது அதன் விளைவு மட்டும் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அழிந்தாலும் நடக்கும் என்றான் அவன்.

மூன்றாவது அடுத்த ஆட்டத்தில் வந்தது. அதே ப்ளூ-ஐஸ், அதே டார்க் மஜிஷியன். இந்த முறை என் களத்தில் சம்மண்ட் ஸ்கல் ஒன்றும் தாக்கும் நிலையில் இருந்தது. முன்பு பட்டதால், தாக்குதலை அறிவித்த உடனே நானே முந்திக்கொண்டு ப்ளூ-ஐஸ் மீது ஃபார்பிடன் லான்ஸைப் போட்டேன்; மற்ற ஸ்பெல், ட்ராப் அட்டைகள் அந்த மான்ஸ்டரைத் தொடாமல் காப்பது அது. அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. லான்ஸின் விளைவு நடந்து முடிந்த பிறகு மிரர் ஃபோர்ஸைத் திறந்து, "ப்ளூ-ஐஸ் தப்பிக்கட்டும், ஸ்கல் போகும்" என்றான். உன் நேரம் போய்விட்டது என்றேன். தாக்குதல் இன்னும் முட்டவே இல்லை, அதனால் நேரம் இருக்கிறது என்றான். இந்த மூன்றில் யார் சொன்னது எங்கே சரி?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

மூன்றில் முதல் இரண்டு உங்கள் அக்கா மகன் பக்கம். மூன்றாவது உங்கள் பக்கம். ஆனால் மூன்றாவதில் நீங்கள் எண்ணிய காரணமும் விதி சொல்லும் காரணமும் ஒன்றல்ல என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் நேரம் என்பது கடிகார நேரம் அல்ல, நிகழ்ச்சிகளின் வரிசை. போர்க்கட்டத்தில் முதலில் தொடக்கப் படி, பிறகு பேட்டில் ஸ்டெப், பிறகு டேமேஜ் ஸ்டெப், கடைசியில் முடிவுப் படி வருகின்றன. தாக்குதலை அறிவிப்பது பேட்டில் ஸ்டெப்பில். அட்டைகள் முட்டிக் கணக்குப் பார்ப்பது டேமேஜ் ஸ்டெப்பில். முன்னதிலிருந்து பின்னதற்குத் தாண்ட வேண்டுமானால், யாருடைய முறையோ அவரும் எதிராளியும் அடுத்தடுத்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று விட்டிருக்க வேண்டும். முதல் வாய்ப்பு முறை உள்ளவருக்கு. அவர் எதையும் திறக்காவிட்டால் வாய்ப்பு எதிராளிக்கு. அந்த இரண்டாவது வாய்ப்பு கொடுக்கப்படாதவரை, தாளில் எழுதிய 7500 என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய எழுத்துதான். அவன் "சரி" என்று சொல்லியிருந்தாலோ, தானே தன் கணக்கைக் குறைத்துக்கொண்டிருந்தாலோ, அப்போது நேரம் போயிற்று என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் தாக்குதலையும் விளைவையும் ஒரே வாக்கியத்தில் சொன்னதால் அவனுக்கு அந்த இடமே வரவில்லை. தாக்குதலைச் சொல்லி நிறுத்துங்கள், "பதில் உண்டா?" என்று கேளுங்கள், பதில் வந்த பிறகு கணக்கு எழுதுங்கள். எதிராளியிடம் கவிழ்த்த அட்டையே இல்லாதபோதும் கேளுங்கள், ஏனென்றால் கையிலிருந்தே எதிர்க்கும் மான்ஸ்டர்கள் இந்த ஆட்டத்தில் உண்டு.

இரண்டாவது, டைஃபூன். அந்த அட்டையின் வாசகம் களத்திலுள்ள ஒரு ஸ்பெல் (மந்திர அட்டை) அல்லது ட்ராப்பை (பொறி அட்டை) அழிக்கச் சொல்கிறதே தவிர, அதன் விளைவைச் செல்லாமலாக்கச் சொல்லவில்லை. அழிப்பது வேறு, செல்லாமலாக்குவது வேறு. மிரர் ஃபோர்ஸ் சாதாரண ட்ராப். அதைத் திறந்த கணத்திலேயே அதன் விளைவு வரிசையில் இடம்பிடித்துவிடுகிறது. பிறகு அந்த அட்டை களத்தில் கிடந்தாலும் கல்லறைக்கு (முடிந்த அட்டைகளின் குவியலுக்கு) போனாலும் விளைவு தன் இடம் வந்ததும் நடக்கும். களத்தில் முகம் காட்டிக் கிடந்தால்தான் வேலை செய்யும் தொடர் ட்ராப்புகளுக்கும் தொடர் ஸ்பெல்களுக்கும் இது பொருந்தாது. கல்லறையிலிருந்து மான்ஸ்டரை அழைக்கும் தொடர் ட்ராப்பான கால் ஆஃப் த ஹாண்டடை எதிராளி திறக்கும்போது அதற்கு எதிராக டைஃபூனைப் போட்டால், அழைக்கப்பட வேண்டிய மான்ஸ்டர் வராது. மிரர் ஃபோர்ஸைத் தடுக்கச் செல்லாமலாக்கும் அட்டை வேண்டும்: 1000 லைஃப் பாயிண்ட் கொடுத்துப் போடும் செவன் டூல்ஸ் ஆஃப் த பேண்டிட், போர்க்கட்டத்துக்கென்றே இருக்கும் ட்ராப் ஜாமர், பாதி லைஃப் பாயிண்ட்டை விலையாகக் கேட்கும் சாலம் ஜட்ஜ்மென்ட் போன்றவை.

இனி மூன்றாவது. மிரர் ஃபோர்ஸின் வாசகம் "எதிராளியின் மான்ஸ்டர் தாக்குதலை அறிவிக்கும்போது" என்று தொடங்குகிறது. தாக்குதல் முட்டுகிறவரை என்று அதில் இல்லை. அறிவிப்பு நடந்ததும் அதற்குப் பதில் சொல்லும் விதமாக ஒரு செயின், அதாவது ஒன்றுக்கு எதிராக ஒன்றாகத் திறக்கும் அட்டைகளின் சங்கிலி, தொடங்கலாம். அந்த முதல் செயினுக்குள் மிரர் ஃபோர்ஸ் எத்தனையாவது கண்ணியாகவும் வரலாம். அந்தச் செயின் அவிழ்ந்து முடிந்துவிட்டால், கடைசியாக நடந்த நிகழ்ச்சி தாக்குதல் அறிவிப்பு அல்ல, லான்ஸின் விளைவு. பேட்டில் ஸ்டெப்பில் அதற்குப் பிறகும் புதுச் செயின்கள் தொடங்கலாம் என்பது உண்மை. ஆனால் அறிவிப்பைக் கண்டு திறக்கும் அட்டைகளுக்கு அங்கே இடமில்லை. அதனால் நீங்கள் சொன்ன தீர்ப்பு சரி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் லான்ஸைப் போட்டபோது அவன் சும்மா இருக்காமல், அதன் மேலேயே மிரர் ஃபோர்ஸைச் செயினில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செயின் பின்னாலிருந்து அவிழ்வதால் மிரர் ஃபோர்ஸ் முதலில் நடக்கும். அந்த நேரத்தில் லான்ஸின் காப்பு இன்னும் வந்திருக்காது. ப்ளூ-ஐஸும் ஸ்கல்லும் சேர்ந்தே அழியும். லான்ஸ் குறிவைத்த ஆளில்லாமல் வீணாகும். முந்திக்கொண்டு போட்டதால் நீங்கள் காப்பைப் பெறவில்லை, அவனுக்கு வழி திறந்துவிட்டீர்கள். லான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் மிரர் ஃபோர்ஸைத் திறந்த பிறகு அதன் மேல் போட்டிருந்தால், லான்ஸ் முதலில் அவிழ்ந்து ப்ளூ-ஐஸ் தப்பியிருக்கும்.

அப்படித் தப்பினாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்கள் இருவருமே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். லான்ஸ் தாக்குவலிமையில் 800-ஐக் குறைத்துவிடும். 3000 என்பது 2200 ஆகிறது. தாக்குதல் தொடர்கிறது, அறிவித்த தாக்குதலை நீங்கள் விரும்பித் திரும்பப் பெற முடியாது. எதிரே டார்க் மஜிஷியன் 2500. ஆகவே ப்ளூ-ஐஸ் போரில் அழிந்து உங்களுக்கு 300 குறையும். ஆட்டம் தகராறில் நின்றுபோகாமல் தொடர்ந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும்.


கடைமடை (வேதாரண்யம்):

வெண்ணாறு அண்ணன் எழுதியதில் செயின் பின்னாலிருந்து அவிழும் என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபட நாளாகும் இடம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வந்தால் முதலில் நனைவது தலைமடை. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு அது வந்து சேர்வது எல்லாருக்கும் பிறகு. செயினில் இது தலைகீழ். கடைசியாக வந்து சேர்ந்த அட்டைக்கே முதல் தண்ணீர். முதலில் போட்ட அட்டைக்குக் கடைசித் தண்ணீர். அதனால் எதிர்த்தாக்குதலில் முந்துகிறவருக்கு எப்போதும் ஆதாயம் என்று இல்லை. பொறுத்திருந்து மேலே போடுகிறவருக்கே பெரும்பாலும் ஆதாயம்.

இதோடு ஸ்பெல் ஸ்பீடு என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எதன் மேல் எதைப் போடலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சாதாரண ஸ்பெல்லும் தொடர் ஸ்பெல்லும் வேகம் 1; அவற்றை வேறொரு அட்டைக்கு எதிராகப் போட முடியாது. குயிக்-ப்ளே ஸ்பெல் (டைஃபூன், லான்ஸ் போன்றவை), சாதாரண ட்ராப், தொடர் ட்ராப், குயிக் எஃபெக்ட் (எதிராளிக்குப் பதில் சொல்லும் விளைவு) உள்ள மான்ஸ்டர் ஆகியவை வேகம் 2. இவை 1-க்கும் 2-க்கும் பதில் சொல்லலாம். கவுன்டர் ட்ராப் மட்டுமே வேகம் 3. அதற்குப் பதில் சொல்ல இன்னொரு கவுன்டர் ட்ராப்தான் வேண்டும். நெகேட் அட்டாக் என்ற அட்டை தாக்குதலை நிறுத்திப் போர்க்கட்டத்தையே முடித்துவிடும். அது கவுன்டர் ட்ராப் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கையில் எத்தனை குயிக்-ப்ளே இருந்தாலும் அதன் மேல் எதையும் போட முடியாது. தாக்குதலை நிறுத்தி, தாக்கிய மான்ஸ்டரின் வலிமையை அதன் உடையவர் மீதே திருப்பிவிடும் மேஜிக் சிலிண்டர் அப்படியல்ல; அது சாதாரண ட்ராப், வேகம் 2. ப்ளூ-ஐஸ் கொண்டு தாக்கினால் 3000 உங்களையே வந்து சேரும். ஆனால் அதன் மேல் லான்ஸைப் போட்டால் சிலிண்டர் ப்ளூ-ஐஸைத் தொட முடியாது. தாக்குதல் நிற்காததால் அந்தச் சேதமும் வராது.

டைஃபூன் பற்றி ஒரு வார்த்தை. அது வீணான அட்டை என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குரிய நேரம் தாக்குதல் நேரம் அல்ல என்பதுதான் செய்தி. போர்க்கட்டத்துக்கு முன்னால், உங்கள் முதல் மெயின் கட்டத்திலேயே, கவிழ்ந்திருக்கும் அட்டையைக் குறிவைத்துப் போடுங்கள். அது மிரர் ஃபோர்ஸாக இருந்தால், தாக்குதல் அறிவிப்பு எதுவும் நடக்காததால் அவனால் அதைத் திறக்கவே முடியாது, திறக்காமலே அழியும். அதைவிட நல்ல நேரமும் ஒன்று உண்டு. டைஃபூனை உங்கள் முறையில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிராளியின் முறை முடியும் கட்டத்தில் திறந்து, அவர் அந்த முறையில்தான் கவிழ்த்த அட்டையைக் குறிவையுங்கள். ட்ராப்பைக் கவிழ்த்த அதே முறையில் திறக்க முடியாது என்பது விதி. ஆகவே அது எந்த ட்ராப்பாக இருந்தாலும் அவரால் பதிலுக்குத் திறக்க இயலாது. குயிக்-ப்ளே ஸ்பெல்லுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு என்பதால், டைஃபூனைக் கவிழ்த்த முறையிலேயே நீங்களும் திறக்க முடியாது. கையிலிருந்து நேராகப் போடுவது உங்கள் சொந்த முறையில் மட்டும்.


கொள்ளிடக்கரை (சீர்காழி):

நான் மேஜிக்: த கேதரிங் என்ற வேறொரு அட்டை ஆட்டம் ஆடிவிட்டு யு-கி-ஓவுக்கு வந்தவன். மூன்றாவது தகராறில் அந்தத் தம்பி செய்த தவறு, அங்கிருந்து வருகிறவர்கள் அனைவரும் செய்வது. மேஜிக்கில் அடுக்கின் (நிறைவேறக் காத்திருப்பவற்றின்) மேலுள்ள ஒன்று நிறைவேறியதும் ஆட்டக்காரர்களுக்கு மறுபடியும் வாய்ப்பு வரும். அடுக்கில் மிச்சம் காத்திருக்கும்போதே புதிதாக ஒன்றை மேலே வைக்கலாம். யு-கி-ஓவில் செயின் அவிழத் தொடங்கிவிட்டால் கடைசிக் கண்ணிவரை ஒரே ஓட்டம். நடுவில் யாரும் எதையும் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டியதை எல்லாம் செயின் கட்டும்போதே சேர்த்துவிட வேண்டும்.

நடைமுறைக்கு ஒரு வழியும் சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் தாக்குதலை அறிவித்ததும் மூன்று எண்ணுவோம். மூன்றுக்குள் எதிராளி பேசாவிட்டால் கணக்கு எழுதிவிடுவோம். தகராறு குறைந்திருக்கிறது.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

கொள்ளிடக்கரை நண்பர் மன்னிக்க வேண்டும். மூன்று எண்ணும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. விதியில் எண்ணிக்கை இல்லை, ஒப்புதல் இருக்கிறது. புதிதாக ஆட வந்த சிறுவனுக்குத் தன் அட்டையின் வாசகத்தைப் படித்து முடிக்கவே மூன்று எண்ணிக்கை போதாது. படிக்கத் தெரிந்தவன் வெல்வதற்குப் பதிலாக வேகமாகப் படிப்பவன் வெல்லும் ஆட்டமாக அது மாறிவிடும். வேண்டுமென்றே இழுத்தடிக்கக் கூடாது என்பதும் உண்மைதான்; அதற்குத் தீர்வு, "பதில் உண்டா, இல்லையா, சொல்லிவிடு" என்று நேரில் கேட்பது.

கைப்பேசியில் பழகியவர்களுக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டூயல் லிங்க்ஸிலும் மாஸ்டர் டூயலிலும் எதிர்வினைக்கு இடம் வந்தால் மென்பொருளே ஆட்டத்தை நிறுத்திக் கேட்கிறது. எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைத் தானியங்கி, எப்போதும், ஒருபோதும் இல்லை என்ற மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். தானியங்கி நிலை எல்லா இடங்களிலும் கேட்பதில்லை. அதிலேயே ஆடிக் கற்றவர்களுக்குக் கேட்காத இடங்கள் இருப்பதே தெரியாமல் போகும். திண்ணையில் அந்த மென்பொருளின் வேலையை இரண்டு ஆட்டக்காரர்களும் வாயால் செய்ய வேண்டியிருக்கிறது. அக்கா மகனிடம் கைப்பேசியில் ஒரு வாரம் "எப்போதும்" என்ற நிலையில் ஆடச் சொல்லுங்கள். எத்தனை வாசல்கள் திறந்து மூடுகின்றன என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.


அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

அனைவருக்கும் நன்றி. முதல் இரண்டிலும் தவறு என்னுடையது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு ஒவ்வொரு தாக்குதலுக்கும் "பதில் உண்டா?" என்று கேட்டே ஆடினோம், ஆட்டம் சற்று நீண்டாலும் சண்டை வரவில்லை. ஆனால் சந்தேகம் இரண்டு புதிதாக முளைத்திருக்கின்றன.

ஒன்று. அவன் களத்தில் டார்க் மஜிஷியன் மட்டும் இருந்தது. நான் ப்ளூ-ஐஸ் கொண்டு அதைத் தாக்குவதாக அறிவித்தேன். அவன் ஸ்கேப்கோட்டைத் திறந்து நான்கு ஆட்டுக்குட்டி டோக்கன்களைக் காக்கும் நிலையில் இறக்கினான். நான் குறியை ஒரு குட்டி மீது மாற்றிக்கொள்ளலாமா? மாற்றினால் அது புதுத் தாக்குதலா? ஏனென்றால் நான் மாற்ற நினைத்த உடனே அவன் கவிழ்த்திருந்த மிரர் ஃபோர்ஸைக் காட்டி, அப்படியானால் இதற்கு நேரம் வந்துவிட்டது என்றான்.

இரண்டு. நான் ப்ளூ-ஐஸ் கொண்டு அவனுடைய சைபர் டிராகனைத் தாக்கினேன். 3000-க்கு எதிராக 2100. டேமேஜ் ஸ்டெப்பில் நான் எதையும் போடவில்லை. அவன் கையிலிருந்து ஹானஸ்டை (எதிரே போரிடும் மான்ஸ்டரின் வலிமையைத் தன் மான்ஸ்டரோடு சேர்க்கும் அட்டை) அனுப்பினான். என் கையிலும் ஒரு ஹானஸ்ட் இருந்ததால், பொறுத்திருந்து மேலே போடுகிறவருக்கே ஆதாயம் என்று இங்கே படித்ததை நினைத்து, உடனே அதை அவனுடையதன் மேல் செயினில் சேர்த்தேன். கணக்குப் பார்த்தால் ப்ளூ-ஐஸ் அழிந்து எனக்கு 2100 குறைந்தது. மேலே போட்டும் ஏன் தோற்றேன்?


கடைமடை (வேதாரண்யம்):

முதல் சந்தேகத்துக்கு நான் விடை சொல்கிறேன். பேட்டில் ஸ்டெப்பில் தாக்குதல் அறிவித்த பிறகு, தாக்கப்படுகிறவர் பக்கத்து மான்ஸ்டர்களின் எண்ணிக்கை மாறினால் ரீப்ளே என்ற நிலை வருகிறது. ஒன்றாக இருந்தது ஐந்தாகிவிட்டதால் உங்களுக்கு மறுபடி தேர்வு கிடைக்கிறது: பழைய குறியையே தொடரலாம், குட்டி ஒன்றைக் குறிவைக்கலாம், தாக்காமலும் விட்டுவிடலாம். தாக்காமல் விட்டாலும் ப்ளூ-ஐஸ் இந்த முறைக்குரிய தாக்குதலை அறிவித்ததாகவே கருதப்படும்; பிறகு மனம் மாறி மறுபடி தாக்க முடியாது. முக்கியமாக, ரீப்ளேயில் குறியைத் தேர்ந்தெடுப்பது புதிய தாக்குதல் அறிவிப்பு அல்ல. அறிவிப்பு ஏற்கெனவே நடந்து, அதற்குரிய செயினும் ஸ்கேப்கோட்டோடு முடிந்துவிட்டது. எனவே மிரர் ஃபோர்ஸுக்கு அங்கே நேரமில்லை. அவன் அதைத் திறக்க விரும்பியிருந்தால் ஸ்கேப்கோட்டுக்குப் பதிலாகவோ அதே செயினிலோ திறந்திருக்க வேண்டும்.

லான்ஸை நீங்கள் வீணாக்கியதும் அவன் ஸ்கேப்கோட்டை அவசரப்பட்டுத் திறந்து மிரர் ஃபோர்ஸின் நேரத்தை இழந்ததும் ஒரே வகைத் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரும் அடுத்த முறை அதைப் பார்த்துக்கொள்வீர்கள். ஹானஸ்ட் கணக்கை வெண்ணாறு அண்ணன் எழுதினால் நன்றாக இருக்கும்.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

எழுதுகிறேன். டேமேஜ் ஸ்டெப் ஒரே வாசல் அல்ல, அதற்குள் ஐந்து படிகள் உண்டு. தொடக்கம்; கணக்குக்கு முன் (கவிழ்ந்திருக்கும் மான்ஸ்டர் தாக்கப்பட்டால் நிமிர்த்தப்படும் நேரம் இதுதான்); கணக்கு நடக்கும் வேளை; கணக்குக்குப் பின்; முடிவு (போரில் தோற்ற மான்ஸ்டர் கல்லறைக்குப் போவது அப்போதுதான்). இந்தப் படிகளில் எல்லா அட்டைகளையும் திறக்க முடியாது. டைஃபூனும், மான்ஸ்டரைக் கவிழ்த்துவிடும் புக் ஆஃப் மூனும் இங்கே செல்லாது. தாக்குவலிமையையோ காப்புவலிமையையோ நேரடியாக மாற்றுபவை, கவுன்டர் ட்ராப்புகள், திறப்பைச் செல்லாமலாக்குபவை, இந்தப் படியிலேயே திறக்கலாம் என்று தம் வாசகத்திலேயே சொல்லும் அட்டைகள் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. வலிமையை மாற்றுபவற்றுக்குப் பொதுவான எல்லை கணக்குக்கு முன்புவரை. போர்ச் சேதத்தைத் தடுக்கும் குரிபோவைக் கையிலிருந்து விடுவது அதற்கும் அடுத்த படியில், கணக்கு நடக்கும் வேளையில்.

உங்கள் போரைப் பார்ப்போம். அவனுடைய ஹானஸ்ட் முதல் கண்ணி, உங்களுடையது இரண்டாவது. பின்னாலிருந்து அவிழ்வதால் உங்களுடையது முதலில் நடந்தது. அந்தக் கணத்தில் சைபர் டிராகனின் வலிமை இன்னும் 2100 தான். 3000-உடன் 2100 சேர்ந்து ப்ளூ-ஐஸ் 5100 ஆயிற்று. அடுத்து அவனுடைய ஹானஸ்ட் அவிழ்ந்தது. அது ப்ளூ-ஐஸின் அப்போதைய வலிமையை எடுத்துக்கொள்ளும். அது இப்போது 5100. ஆகவே சைபர் டிராகன் 7200 ஆயிற்று. உங்கள் ஹானஸ்டின் பலம் முழுவதும் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. 2100 வேறுபாட்டில் தோற்றீர்கள். எதிராளியின் வலிமையை அளந்து சேர்த்துக்கொள்ளும் அட்டைக்குக் கடைசியாக நடப்பதில்தான் ஆதாயம். ஒரே செயினில் கடைசியாக நடப்பது முதலில் போட்டது. மேலே போடுகிறவருக்கு ஆதாயம் என்ற பொதுவான பேச்சு தடுக்கும் அட்டைகளுக்கும் காக்கும் அட்டைகளுக்கும் பொருந்தும். அளக்கும் அட்டைக்குப் பொருந்தாது.

அவனுடைய ஹானஸ்டைத் தனியாக அவிழ விட்டிருந்தால் சைபர் டிராகன் 5100-இல் நின்றிருக்கும். அந்தச் செயின் முடிந்ததும், கணக்கு தொடங்கும் முன், புதுச் செயின் தொடங்க முதல் வாய்ப்பு முறை உள்ளவரான உங்களுக்குத்தான். அப்போது உங்கள் ஹானஸ்டை அனுப்பியிருந்தால் 3000-உடன் 5100 சேர்ந்து 8100. அவனிடம் இன்னொரு ஹானஸ்ட் இல்லையென்றால் சைபர் டிராகன் அழிந்து அவனுக்கு 3000 குறைந்திருக்கும்.

இருப்பினும் நீங்கள் செயினில் சேர்த்தது விதிப்படி செல்லும் ஆட்டமே, அதில் பிழையில்லை. ஆகவே அந்த 2100 குறைந்தது குறைந்ததுதான், ஆட்டத்தைப் பின்னுக்கு எடுக்கக் காரணம் எதுவும் இல்லை.